மீண்டவர் என்பவர் யார்? கஞ்சா, மூளை ரத்தக்கசிவு, குழித்தறி

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் கஞ்சாவையும் மூளை ரத்தக்கசிவையும் சேர்த்துப் பேசுகிற இரண்டு வாக்கியங்கள் புழங்குகின்றன. 'கஞ்சா அடிச்சி அடிச்சி மண்டையில நரம்பு வெடிச்சிடுச்சி' என்பது ஒன்று. 'அது சித்தர் மூலிகைப்பா, கொஞ்சமா ஏத்தினா செத்த நரம்பு எழுந்துக்கும்' என்பது மற்றொன்று. முதல் வாக்கியத்தைப் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்களும் காவல்துறையும் சொல்கிறார்கள். இரண்டாவதை விழுந்து கிடப்பவரின் கூட்டாளிகள் சொல்கிறார்கள். அண்மைக் காலமாக ஆங்கிலம் படித்த, 'கன்னாபிடியால் எண்ணெய்' பற்றிக் கேள்விப்பட்ட சிலரும் சொல்கிறார்கள்.

இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டின் இலக்கணமும் ஒன்றுதான். இரண்டிலும் கஞ்சாதான் எழுவாய். விழுந்த ஆள் செயப்படுபொருள். அவருடைய ரத்த அழுத்தம், முன்பணக் கடன், மாத்திரை நின்றுபோன மாதங்கள், ஒரு புடவை முடிய ஆகும் நாட்கள், இவை எதற்கும் அந்த வாக்கியங்களில் இடமில்லை. ஒரு செடிக்கு இவ்வளவு கர்த்தாத்தன்மையைக் கொடுத்துவிட்டு மனிதனைக் காணாமல் அடிக்கிற இந்தச் சொல்லாடலைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. கஞ்சா நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்படுவதற்கு உலகெங்கும் முதல் காரணம் கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம். மூளையின் ஆழத்துக்குப் போகும் மெல்லிய தமனிகள் ஆண்டுக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி நைந்துபோய் ஒருநாள் கிழிகின்றன. கசிந்த ரத்தம் கட்டியாகி, உடம்பின் எதிர்ப்பக்கக் கையையும் காலையும் இயக்கும் நரம்புப் பாதையை நசுக்குகிறது. இடது மூளையில் என்றால் பேச்சும் போகலாம். தெருவில் 'நரம்பு வெடிச்சிடுச்சி' என்கிறார்களே, வெடிப்பது நரம்பு அல்ல, ரத்தக்குழாய். இந்தச் சின்னத் திருத்தம் முக்கியம். நரம்பு என்று சொன்னவுடன் நரம்புத் தளர்ச்சி, இளமைக் கேடு, ஒழுக்கம் என்று ஒரு முழு அகராதியே பின்னால் வந்து நிற்கிறது. ரத்தக்குழாய் என்று சொன்னால் உப்பும் அழுத்தமும் மாத்திரையும் பேச்சுக்கு வரும்.

அப்படியானால் கஞ்சாவுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது இன்னொரு ஏமாற்று. கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி உள்ளே போனதும் இதயம் வேகமாகத் துடிக்கிறது. படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் ஏறலாம், எழுந்து நிற்கும்போது சட்டென்று இறங்கலாம். மூளைத் தமனிகள் அங்கங்கே இறுகிச் சுருங்கிப் பிறகு தளரும் ஒரு நோய்நிலை உண்டு. இடிவிழுந்தாற்போன்ற தலைவலியோடு அது வரும், சிலருக்குக் கசிவிலும் முடியும். 2007இல் பாரிஸ் மருத்துவர்கள் இந்நோயுள்ள 67 பேரை வைத்து எழுதிய கட்டுரையில், தூண்டிய பொருள்களில் கஞ்சாவுக்கு முக்கிய இடம் இருந்தது. அதே வரிசையில் மனச்சோர்வு மாத்திரைகளும் மூக்கடைப்புக்குப் போடும் மருந்துகளும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். மூக்கடைப்பு மருந்து வாங்கியவரை யாரும் தெருவில் வைத்து அறைவதில்லை.

மூளை உறைக்கு அடியில் தமனி வீக்கம் வெடித்துக் கசிந்தவர்களைப் பற்றி அமெரிக்காவில் 2016இல் ஒரு ஆய்வு வந்தது. 108 நோயாளிகளில் கால்வாசிப் பேருக்குச் சிறுநீரில் கஞ்சா இருந்தது. அவர்களுக்குப் பின்னாளில் மூளைக்கு ரத்தம் குறைந்து மறுபடி அடிபடுவது அதிகமாக இருந்தது, முடிவும் மோசமாக இருந்தது. 2022இல் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து வந்த இன்னொரு ஆய்விலும், கஞ்சா கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த இரண்டாவது அடி விழுந்தது, மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் 2016இல் பல நாட்டு நோயாளிகள் 725 பேரை வைத்து, மூளைக்குள்ளேயே கசிந்தவர்களைப் பற்றி வந்த ஆய்வு நேர் எதிராகச் சொன்னது. கஞ்சா இருந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு, வீடு திரும்பும்போது ஊனமும் குறைவு. 2014இல் தலையில் அடிபட்டவர்கள் 446 பேரைப் பற்றிய ஆய்வில், கஞ்சா இருந்தவர்களில் இறந்தவர்கள் 2.4 சதவீதம், இல்லாதவர்களில் 11.5 சதவீதம்.

இந்த எண்களைப் பிரதிகளாக வாசிக்கத் தெரியாவிட்டால் அவரவர் தமக்குப் பிடித்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். அதுதான் நடக்கிறது. இத்தகைய ஆய்வுகளில் 'கஞ்சா இருந்தவர்' என்றால் என்ன? சிறுநீர்ச் சோதனையில் தெரிந்தவர். தொடர்ந்து புகைப்பவருக்கு நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் அது தெரியும். விழுந்த அன்று அவர் அடித்தாரா, மூன்று வாரம் முன்பா என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. எல்லோருக்கும் அந்தச் சோதனையைச் செய்வதும் கிடையாது. கஞ்சா இருந்தவர்கள் பொதுவாக வயதில் இளையவர்கள். இளைய மூளை எந்த அடியிலிருந்தும் கூடுதலாக எழும். வயதைக் கணக்கிட்டுச் சரிக்கட்டுகிறோம் என்கிறார்கள், சரிக்கட்டுவதற்கும் எல்லை உண்டு. இன்னொன்று, ஆழத்தில் அழுத்தத்தால் கசிவதும் மேலே வீக்கம் வெடித்துக் கசிவதும் வெவ்வேறு நோய்கள். முடிவுகள் மாறுபடுவதற்கு அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். ஆக, ஏற்கெனவே கசிந்த மூளைக்குக் கஞ்சா பாதுகாப்பானது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை, ஆபத்து என்று அஞ்சக் காரணங்கள் இருக்கின்றன. கசிவு ஏற்பட்ட ஒவ்வொருவரையும் கஞ்சாக்காரன் என்று சந்தேகப்படவும் எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டாவது வாக்கியம் இன்னும் சுவாரசியமானது. அதற்கு இரண்டு வம்சாவளிகள். ஒன்று உள்ளூர். சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்கு இடம் உண்டு என்பது உண்மை. ஆனால் அது சுத்தி செய்து, அளவோடு, வேறு சரக்குகளோடு சேர்ந்து வரும் மருந்துப்பொருள். இந்திய மருந்துச் சட்டம் அதை எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டிய நச்சுச் சரக்குகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. பொட்டலத்தில் வாங்கிப் புகைப்பதைச் சித்தர் மரபு என்று சொல்வது சித்தர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

மற்ற வம்சாவளி காலனியத்தினுடையது. 1839இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஓஷாக்னஸி என்ற அயர்லாந்து மருத்துவர் உள்ளூர் வைத்தியர்களிடமும் ஹக்கீம்களிடமும் கேட்டறிந்து, நாய் முதலான விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு வாதம், இசிவு, காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதிய அறிக்கை வழியாகத்தான் கஞ்சா ஐரோப்பிய மருத்துவத்துக்குள் கௌரவமாக நுழைந்தது. 1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. மிதமாகப் பயன்படுத்துவதால் பெரிய கேடில்லை, தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று 1894இல் சொன்னது. நம் நண்பர்கள் இந்த அறிக்கையை விடுதலைச் சாசனம் மாதிரி தூக்கிக் காட்டுகிறார்கள். வரி என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திப் படித்தால் நல்லது. கலால் வருவாய் வந்துகொண்டிருந்த ஒரு சரக்கைப் பற்றி அந்த வருவாயை வாங்கிய அரசே நடத்திய விசாரணை அது. விசாரணை நேர்மையாக நடந்திருக்கலாம், கேள்வியை யார் கேட்டார்கள் என்பது மறைந்துவிடாது.

விஞ்ஞானம் இந்த வாக்கியத்துக்கு என்ன செய்தது? 1964இல் இஸ்ரேலில் மெக்கூலமும் காவோனியும் டிஎச்சியைத் தனியே பிரித்தார்கள். 1992இல் மெக்கூலத்தின் குழு நம் மூளையே சுரக்கும் ஒரு கஞ்சா மாதிரிப் பொருளைக் கண்டுபிடித்து, சமஸ்கிருத 'ஆனந்த'த்திலிருந்து 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தது. (பெயர் வைக்கும்போது மட்டும் கிழக்கு ஞாபகம் வருகிறது.) 2003இல் அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை, கஞ்சாவின் வேதிப்பொருள்கள் பக்கவாதத்திலும் தலையடியிலும் மூளையைக் காக்கும் என்று சொல்லிக் காப்புரிமையே வாங்கியது. அதே அரசின் சட்டத்தில் கஞ்சா அப்போது மருத்துவப் பயன் ஏதுமற்ற பொருள். அதிகாரத்துக்கு முரண்பாடு ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை.

ஆனால் காப்புரிமை என்பது சான்று அல்ல. மெக்கூலம் வழிவந்த செயற்கைப் பொருள் ஒன்று, டெக்ஸானபினால் என்று பெயர், எலிகளின் அடிபட்ட மூளையை நன்றாகவே காத்தது. அதைத் தலையில் பலத்த அடிபட்ட 861 பேருக்கு, 15 நாடுகளில், மருந்து பாதிப்பேருக்கும் போலி மருந்து மீதிப்பேருக்குமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள் ஒரு பக்கம் 50 சதவீதம், மறுபக்கம் 51 சதவீதம். எலி எழுந்தது, மனிதன் எழவில்லை. இது போதைதரும் கஞ்சாவே இல்லையே, வேறு வழியில் வேலைசெய்யும் பொருளாயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 'கஞ்சா மூளையை மீட்கும்' என்பவர்கள் காட்டுகிற ஆய்வுகளில் பெரும்பாலானவை இதே எலிக்கட்டத்திலேயே நிற்கின்றன என்பதை அவர்களும் சொல்லவேண்டும் அல்லவா?

இங்கே 'மீட்பு' என்ற சொல்லிடம் வருவோம். மேலே சொன்ன ஆய்வுகளில் நோயாளி நல்லபடி மீண்டாரா என்று எப்படி அளக்கிறார்கள்? பக்கவாத ஆய்வுகளில் மிகப் பரவலாக இருப்பது ரேங்கின் அளவுகோல். 1957இல் கிளாஸ்கோவில் ஜான் ரேங்கின் என்ற மருத்துவர் போட்டது, பிறகு திருத்தப்பட்டது. பூஜ்யம் என்றால் குறையே இல்லை. ஆறு என்றால் இறந்துவிட்டார். இரண்டு என்றால், முன்பு செய்த எல்லாவற்றையும் செய்ய முடியாது, ஆனால் தன் காரியங்களைப் பிறர் உதவியின்றிப் பார்த்துக்கொள்வார். பெரும்பாலான ஆய்வுகளில் பூஜ்யம் முதல் இரண்டு வரை 'நல்ல விளைவு'.

இப்போது இந்த இரண்டை எடுத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்துக்கு வாருங்கள். தானே எழுந்து, தானே குளித்து, தானே சாப்பிட்டு, டீக்கடை வரை நடந்து போய் வருகிற ஒரு நெசவாளர். அளவுகோலின்படி நல்ல விளைவு. புள்ளிவிவரத்தில் வெற்றி. அவர் தறியில் உட்கார முடியுமா?

குழித்தறியில் நெய்வது எப்படி என்று தெரியாதவர்கள் இருக்கலாம். குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே விட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். மிதிக்கும்போது பாவு இரண்டாகப் பிரியும், அந்த இடைவெளியில் நாடா போக வேண்டும், பலகையை இழுத்து ஊடையை அடிக்க வேண்டும். கால், கை, கண், காது நான்கும் ஒரே தாளத்தில். கோர்வைப் புடவை என்றால் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நிறம், மூன்று நாடா. ஒரு பக்கக் கரைக்குத் துணையாள் உட்கார வேண்டும், பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோ. இந்த வேலையில் இடைவெளியே கிடையாது. ஒரு இழை தவறினால் தெரியும். பட்டு மன்னிக்காது.

பக்கவாதத்தில் பெரும்பாலோருக்குக் கால் முதலில் வரும், கை பிறகு வரும், விரல்கள் கடைசியில் வரலாம், வராமலும் போகலாம். எனக்குப் பழக்கமான நெசவாளர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், விழுந்து எட்டு மாதம் கழித்துச் சொன்னார்: "காலு வந்துடுச்சிப்பா. கைதான் இன்னும் சொன்ன பேச்ச கேக்க மாட்டேங்குது. நாடா புடிச்சா வுட மாட்டேங்குது." பிடித்தால் விடாத கை. தசை இறுகிவிடும் அந்த நிலையை மருத்துவர்கள் விறைப்பு என்கிறார்கள். நாடாவை எறிகிற தொழிலில் பிடிப்பது பாதி, விடுவது பாதி. ரேங்கினின் கேள்விகளில் விடுவதைப் பற்றி ஒன்றும் இல்லை. 'முன்பு செய்த எல்லாவற்றையும் செய்ய முடியாது' என்ற வரியில் அவருடைய முழு வாழ்க்கையும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கிளாஸ்கோ மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அளவுகோல்கள் யாருக்கு எது 'தன் காரியம்' என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன, அவ்வளவுதான். கூலிக்கு உழைப்பவனுக்குத் தன் காரியம் என்பதில் முதலில் வருவது வேலை. குளிப்பது அப்புறம்.

இந்த இடத்தில்தான் கஞ்சா வருகிறது. யாரும் மூளையை மீட்கிறேன் என்று பொட்டலத்தை எடுப்பதில்லை. விறைப்பு வலிக்கிறது, தோள் இறங்கி இரவெல்லாம் குத்துகிறது, தூக்கம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, காலையிலிருந்து மாலை வரை தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு மிகச் சாதாரணம், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருவது. அதை 'சோம்பேறியாயிட்டான்' என்று வீடு வாசிக்கும். பழைய கூட்டாளி ஒருவன் சாயங்காலம் வந்து ஒன்று சுருட்டிக் கொடுப்பான். கொஞ்ச நேரம் கை தன்னுடையது இல்லை என்ற எண்ணம் போய்விடும்.

இதற்கு எதிராக ஒழுக்கம் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லாமலும் இருக்க முடியாது. எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்கித் தலை சுற்றினால், ஒரு கால் பலவீனமானவர் விழுவார். குழித்தறி உள்ள வீட்டில் விழுவதற்குக் குழியும் தயாராக இருக்கிறது. கசிவுக்குப் பிறகு சிலருக்கு வலிப்பு வரும். அதற்குக் கொடுக்கும் குளோபஸாம் போன்ற மாத்திரையோடு கஞ்சாவும் சேர்ந்தால் மயக்கம் கூடும். கன்னாபிடியால் அந்த மாத்திரை உடம்பில் தேங்கும்படி செய்யும் என்பது நிரூபணமான விஷயம். கஞ்சா குலைப்பது கவனத்தையும் குறுகியகால நினைவையும். மூளை திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டிய மாதங்களில் அவைதான் முதலீடு. புட்டா எண்ணிக்கையை மனசுக்குள் பிடித்து வைத்திருக்க வேண்டியவருக்கு இது சின்ன விஷயமல்ல. பக்கவாத விறைப்புக்குக் கஞ்சா மருந்து பலன் தரும் என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. பிரிட்டனில் 2010இல் அனுமதிக்கப்பட்ட வாய்த்தெளிப்பு மருந்து வேறொரு நோயின், தண்டுவட மரப்பு நோயின், விறைப்புக்கு.

இதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டியவர் மருத்துவர். மருத்துவரிடம் இவர் சொல்வாரா? மாட்டார். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா புகைப்பதற்கு ஆறு மாதம் வரை சிறை. சிறிய அளவென்று ஒரு கிலோ வரை வைத்திருந்தால் ஓராண்டு வரை. தானாகச் சிகிச்சைக்கு வரும் அடிமைக்கு விலக்கு தரும் 64ஏ பிரிவு அதே சட்டத்தில் இருக்கிறது, தெருவில் அதைக் கேள்விப்பட்டவர் யார்? வடக்கே சில மாநிலங்களில் அதே செடியின் இலையை 'பாங்' என்று அரசு உரிமம் பெற்ற கடைகளில் விற்கிறார்கள். சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காய்க்கும் நுனியும், தனியாக உள்ள இலை கஞ்சா அல்ல. தமிழ்நாட்டிலோ 1982இன் தடுப்புக்காவல் சட்டத்தில், குண்டர் சட்டம் என்று நாம் சொல்வதில், 'போதைப்பொருள் குற்றவாளி' தனி இனம். விற்பவனுக்கான அந்தச் சொல் தெருவில் சுருட்டுபவன் மீதும் ஒட்டிக்கொள்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை மிக ஆபத்தான பட்டியலிலிருந்து நீக்க 27க்கு 25 என்று தீர்மானம் நிறைவேறியபோது இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டது. வியன்னாவில் ஒரு மொழி, காவல்நிலையத்தில் இன்னொரு மொழி.

ஆக, மருத்துவர் கேட்பதில்லை. கேட்டாலும் 'கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?' என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு உலகில் யாரும் உண்மையான பதில் சொன்னதில்லை. வலிப்பு மாத்திரை ஏன் அதிக மயக்கம் தருகிறது, இவர் ஏன் இரண்டு முறை விழுந்தார், எழுந்து நிற்கும்போது அழுத்தம் ஏன் இறங்குகிறது என்று சீட்டில் எழுதப்படுவது எல்லாம் பாதித் தகவலின் மேல் எழுதப்படுகிறது. கஞ்சாவின் கேடு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் முதலில் இந்த மௌனத்தைத்தான் காட்டுவேன். இது செடியிலிருந்து வரவில்லை.

சிறுபத்திரிகைகளாகிய நம் பக்கத்துக்கும் கொஞ்சம் திரும்பலாம். நவீனத் தமிழிலக்கியத்தில் கஞ்சா எப்போதும் ஒரு கலகச் சின்னமாகவே வாசிக்கப்பட்டிருக்கிறது. பாரதியின் பழக்கம் ஒரு பக்கம் மறைக்கப்பட்டது, மறுபக்கம் ஞானத்தின் அடையாளமாகக் கொண்டாடப்பட்டது. ஜி. நாகராஜனைப் பற்றிப் பேசும்போது பல நண்பர்களுக்கு எழுத்தைவிடப் புகையே முக்கியமாகிவிடுகிறது. வால்ட்டர் பெஞ்சமினை எடுத்துக்கொண்டால் 1927இலிருந்து அவர் ஹஷீஷ் எடுத்துப் பார்த்த அனுபவங்களையும் 1932இல் வெளியான மார்சேல் கட்டுரையையும் மேற்கோள் காட்டாத ஆள் இல்லை. பெஞ்சமினின் அந்தச் சோதனைகளில் பக்கத்தில் மருத்துவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், குறிப்பு எடுத்தார்கள் என்பதை மட்டும் விட்டுவிடுவோம். பிரக்ஞையின் எல்லைகளைத் தாண்டுவது பற்றி ஆரோக்கியமான மூளைக்காரர்கள் எழுதியதை, ஏற்கெனவே எல்லை கிழிந்து ரத்தம் கசிந்த ஒரு மூளைக்கு அப்படியே பொருத்திப் பேசுகிறோம். கட்டுடைப்பு என்பது இதுவல்ல.

கிராம்ஷியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலாண்மை, கரிம அறிவுஜீவி என்று நாம் எவ்வளவு பக்கங்கள் எழுதியிருக்கிறோம்! 1937 ஏப்ரல் 21இல் தண்டனைக்காலம் முடிந்தது. 25இல் ரோமின் மருத்துவமனை ஒன்றில் மூளை ரத்தக்கசிவு, 27இல் மரணம். சிறையில் பத்தாண்டுக்கு மேல் உயர்ந்துகொண்டே போன ரத்த அழுத்தமும் இறுகிப்போன தமனிகளும் கசநோயால் சிதைந்த முதுகெலும்பும் சேர்ந்து கொன்றன. அந்த மூளை இருபது ஆண்டு வேலை செய்யாமல் தடுக்கப்பட வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் சொன்னதாக எல்லோரும் எழுதுகிறோம். அந்த மூளைக்கு ரத்தம் கொண்டுபோன குழாய்களைப் பற்றி எழுதுவதில்லை. உடலரசியல் பேசுகிற காலத்திலும் நமக்கு உடம்பு என்பது இன்னும் உருவகம்தான்.

அரசின் பக்கம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தெரிந்த கதை. 1983இல் டாஸ்மாக் தொடங்கப்பட்டது, 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அரசிடமே. தொடர்ந்து நிறையக் குடிப்பது ரத்த அழுத்தத்தை ஏற்றும், மூளை ரத்தக்கசிவை வரவழைக்கும் என்பதில் மருத்துவர்களுக்குள் சர்ச்சை இல்லை. கஞ்சாவைப் பற்றித்தான் சர்ச்சை. சர்ச்சை இல்லாததற்கு ரசீது, சர்ச்சை உள்ளதற்குக் கைவிலங்கு. இதற்காகக் கஞ்சாவையும் கடையில் விற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கேட்டுக்கு இன்னொரு கேடு நியாயமாகாது.

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். பக்கவாதத்தில் விழுந்தது இந்த மாநிலத்தின் பெரிய பக்கவாதக் கதையாடல். புரூக்ளின் மருத்துவமனை, சிறுநீரக மாற்று, படுக்கையிலிருந்தே ஆண்டிப்பட்டியில் வெற்றி, அவர் சாப்பிடுவதைக் காட்டிய படம் ஊரூராய் ஓடியது. பேச்சு முழுதாகத் திரும்பவே இல்லை, ஆட்சி திரும்பியது. ரேங்கின் அவருக்கு எத்தனை மதிப்பெண் போட்டிருப்பார் என்று தெரியாது. 'முன்பு செய்த காரியங்களை'ச் செய்ய அவருக்கு ஒரு அமைச்சரவையே இருந்தது.

நெசவாளருக்கு யார் இருக்கிறார்கள்? 2017இல் ஒரு ஆய்வு வந்தது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் பக்கவாத நோயாளிகள் 1,250 பேர். பாதிப்பேரின் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே அவர்கள் நோயாளிக்கு உடற்பயிற்சி தரட்டும் என்று விட்டார்கள். மீதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களும் இரண்டு பக்கமும் 47 சதவீதம். பயிற்சியால் ஒரு துளி வித்தியாசமும் இல்லை. பிசியோதெரபி ஆட்கள் போதாத நாட்டில் அந்த வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டினால் செலவு மிச்சம் என்ற கனவு அங்கே உடைந்தது. அதற்கு மாறாக, ரத்தக்கசிவு வந்தவுடன் சில மணிநேரத்துக்குள் அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல், ரத்தம் உறையாமை நான்கையும் ஒருசேரக் கட்டுப்படுத்தினால் பிழைத்து எழுபவர்கள் அதிகமாகிறார்கள் என்று 2023இல் இந்தியாவும் இலங்கையும் உள்ளிட்ட பத்து நாடுகளில், ஏழாயிரம் பேரை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. இதில் புதிய மருந்தே இல்லை. எல்லாம் சாதாரண மருந்துகள், சரியான நேரத்தில். விழுவதற்கு முன் என்றால் இன்னும் சாதாரணம். தினம் ஒரு அழுத்த மாத்திரை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறது, கொஞ்சம் பிசியோதெரபியும் கொண்டு வருகிறது. வரும் பெண் ஊழியர் அழுத்தம் பார்க்கும்போது கஞ்சாவைப் பற்றியும் போலீஸ்காரத் தொனி இல்லாமல் கேட்கும்படி பயிற்சி கொடுத்தால், மேலே சொன்ன மௌனத்தில் ஒரு ஓட்டை விழும். செலவில்லாத காரியம். தறியில் திரும்ப உட்கார முடிந்ததா என்று படிவத்தில் ஒரு கேள்வி சேர்ப்பதற்கும் செலவில்லை.

'குடும்பம்' என்று அந்த ஆய்வு சொன்னதே, அது யார்? மேலே சொன்ன நெசவாளர் வீட்டில் அது அவர் மனைவி. காலையில் அவரைக் குளிக்க வைத்து, கையை நீட்டி மடக்கி, மாத்திரை கொடுத்துவிட்டுக் குழியில் இறங்குகிறார். முப்பது வருடம் துணைக்கரையில் உட்கார்ந்தவர் இப்போது நடுவில் உட்கார்ந்து நெய்கிறார், துணைக்கு மகள். கோர்வை ஒப்புக்கொள்ள முடியவில்லை, சாதாக் கரைதான், கூலி குறைவு. சாயங்காலம் கூட்டாளி வரும்போது அந்தம்மா ஒன்றும் சொல்வதில்லை. "தூங்கட்டும்யா, ராத்திரி பூரா பொலம்பறாரு" என்றார் ஒருமுறை. சங்கத்துப் பாஸ்புக் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, கூலி வாங்க அவர்தான் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இடது கையால் போடுகிறார்.